அவர் அனுப்பாத மேடு

என் கணவர் இங்கிலாந்துக்குப் போன புதிதில் அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வீடியோ காலில் அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்த ஒரு மஞ்சள் சுவர்தான். துபாயில் கடை வேலை முடிந்து ஊருக்கு வந்தவர், மறுபடி கிளம்பும்போது வளைகுடா வேண்டாம் என்று இந்த வேலைக்குப் போனார். தெற்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்குக் கிடைத்த விசாவில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நானும் மகளும் கீழக்கரையில் என் உம்மா வீட்டில் இருந்தோம்.

அந்த ஊரில் பஸ் அரிது. வேலைக்குப் போய்வர ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். விற்றவர் அதைக் கிராவல் பைக் என்று சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் கிராவல் என்றால் லாரியில் கொண்டுவந்து ரோட்டில் கொட்டுகிற செம்மண். அதற்கென்று தனியாக ஒரு சைக்கிளா?

"சிரிக்காத புள்ள. டயரப் பாரு, எம்புட்டுத் தடிசு! கல்லுலயும் போவும், மண்ணுலயும் போவும். இங்கன காட்டுக்குள்ள குதிர போறதுக்குன்னே பழைய பாத கெடக்கு. அதுல சைக்கிளும் போவலாம்" என்றார்.

லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதைகளில் போக ஆரம்பித்தார். கைப்பிடியில் போனைக் கட்டிவைத்து வீடியோ எடுத்து அனுப்புவார். இங்கே மதியம் லுஹர் தொழுதுவிட்டு நான் உட்காரும் நேரத்துக்கு அது வந்து விழும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச்செடி, நடுவில் வெள்ளைக் கல்பாதை, அதற்கப்பால் கோதுமை, செம்மறிக் கூட்டம். ஒரு மரக்கேட்டைத் தள்ளித் திறக்கும்போது அவருடைய இடது கை மட்டும் படத்துக்குள் வரும். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே நான் சில வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

அவருக்குப் பிடித்த பாதை ஒன்று இருந்தது. அதை எத்தனையோ முறை அனுப்பினார். எந்த வளைவில் பழுப்பு நாய் குரைத்துக்கொண்டு வரும், எந்த மரத்தடியில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். உம்மாகூட ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "மருமகன் நல்ல சந்தோஷமா இருக்காரு, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனாலேயே சில நாள் அந்தப் பச்சையின் மேல் எரிச்சலும் வந்தது.

மகளுக்குக் காய்ச்சல் முற்றி ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதும் ஒரு வீடியோ வந்தது. சேர்த்த விவரத்தை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். "புள்ள கையில டிரிப்ஸ் ஏறுது. நீங்க காட்டுக்குள்ள உலாத்துங்க" என்று எழுதிப் போட்டேன். அதன் பிறகு தினமும் மகளை மட்டும் விசாரித்தார். அவள் தேறி வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் வரவில்லை. எத்தனை வாரம் பொறுத்தேனோ, நானே கேட்டேன்.

"மச்சான், எங்கயும் போறதில்லையா இப்ப?"

"போறேன். நீ பாப்பியான்னு தெரியல."

"பாப்பேன். அனுப்புங்க."

மறுவாரம் கோதுமை அறுத்திருந்தார்கள். அதே பாதை மஞ்சளாக வந்தது.

போன ஜூனில், அங்கே கோடை தொடங்கும்போது, எனக்கு விசிட் விசா கிடைத்தது. முதல் முறை மறுத்தவர்கள் இரண்டாம் முறை கொடுத்தார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடம். "நீ போயிட்டு வா, இவள நான் பாத்துக்கிறேன்" என்று உம்மா சொன்னார். ஆறு வாரம்தான் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் கேட்ட முதல் விஷயமே அந்தப் பாதைதான். அவரோடு வேலை செய்யும் பெண்ணொருத்தி தன் சைக்கிளைக் கொடுத்தாள். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளோடு என் ஓட்டம் நின்றுபோயிருந்தது. கியர் மாற்றப் பழகவே ஒரு சாயங்காலம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடிதாரும் முக்காடும், முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டுமாகக் கிளம்பினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு முன்னால் போகாமல் என் பக்கத்திலேயே வந்தார்.

"இந்தா, இப்ப கேட்டு வரும். அத இழுக்கக் கூடாது, தள்ளணும்" என்றேன்.

"அல்லாவே! நீ எனக்கு வழி சொல்றியா?"

பழுப்பு நாய்கூடக் குரைத்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்கள். வேலி முடிந்து பாதை இடதுபக்கம் திரும்பியது. அங்கே ஒரு மேடு நின்றது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. வெள்ளைப் பாதை புல்லுக்குள் நேராக மேலே ஏறி, வானத்தில் போய் முட்டியது. பாம்பன் பாலத்தைத் தவிர ஏற்றம் என்று எதையும் அறியாதவள் நான். கொஞ்சத் தூரம் மிதித்தேன். கல் சறுக்கியது, மூச்சு முட்டியது, இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எனக்காக எறங்கினீங்களா?"

"இல்ல. நான் எப்பவும் இங்கன தள்ளிட்டுத்தான் போவேன்."

"வீடியோல இந்த எடமே இல்லையே?"

"இங்கன வந்ததும் போன அமத்திருவேன். மேல போயிட்டுத் திரும்பப் போடுவேன்."

"ஏன்?"

இரண்டு சைக்கிள்களின் சங்கிலிகளும் கடகடத்துக்கொண்டு வந்தன.

"மிதிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. எறங்கித் தள்றப்பதான் உங்க நெனப்பெல்லாம் வரும். புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்ப இந்தா இந்த எடத்துல உக்காந்து அழுதேன். அப்ப ரூம்ல கூட ரெண்டு பேரு இருந்தாங்க, அங்க முடியாது. அதுக்குத்தான் அன்னிக்கு வந்ததே. கீழ எடுத்தத மட்டும் அனுப்பிட்டேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு நெனச்சு நான் ஊர்ல பொறாமப்பட்டுக் கெடந்திருக்கேன் மச்சான்."

"சந்தோஷமாவும்தான் இருந்தேன். அதும் பொய்யில்ல" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குடித்தேன். எங்களைத் தாண்டிக் குதிரையில் போன ஒரு அம்மா குட்மார்னிங் சொன்னாள். நாங்களும் சொன்னோம். அப்புறம் எழுந்து உச்சிவரை தள்ளினோம்.

உச்சியில் காற்று முக்காட்டைப் பிய்த்தது. சுற்றிலும் மேடும் பள்ளமுமாகக் காடுகழனி. அதன் கடைசியில் வெளிறிய ஒரு கோடு. அது கடல் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தும் வயலுக்கு அந்தப் பக்கம் அத்தனை தாழ்வாகக் கடலை நான் பார்த்ததில்லை. இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே போனேன். அவர் கீழே நின்று என்னைப் படம் எடுத்தார்.

ஆறு வாரமும் அப்படியே போய்விட்டது. விமான நிலையத்தில் இரண்டு பேரும் மகளைப் பற்றியே பேசினோம்.

இப்போது என் ஏக்கம் மாறிவிட்டது. முன்பு அவர் மட்டும்தான் வேண்டும். அவர் எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். இப்போது அந்தப் பாதையும் சேர்ந்துகொண்டது. மகளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு விடியற்காலை சுபுஹு தொழுதபின் கடற்கரையோரம் போகிறேன். கருவேலமும் பனையும் நகர்கின்றன. எத்தனை தூரம் மிதித்தாலும் தரை என்னைத் தூக்குவதில்லை. தொடைகள் அந்த மேட்டின் வலியைக் கேட்கின்றன. இதை யாரிடம் சொல்ல? உம்மாவிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழியிருக்கிற வேறு வேலைக்கு அவர் முயன்றுகொண்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ் என்கிறார். நானும் அதையே சொல்கிறேன். நேற்றுப் பேசும்போது வேலியெல்லாம் கறுப்பாகப் பழம் பழுத்துக் கிடக்கிறது என்றார்.

"முள்ளு குத்தாம பறிங்க" என்றேன்.

"தின்னுட்டுத்தான் பேசுறேன்" என்றார். நாக்கெல்லாம் ஊதாவாக இருக்கிறதாம். வீட்டுக்குள் மகள் எதற்கோ கூப்பிட்டாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வாரேன் என்றேன். இரண்டு பேருமே அது தங்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டார்கள்.