எண்ணிக்கை ஏறிய அர்ஜுனன்

உங்கள் வீட்டில் ஒருவர் சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். அவருக்கு மருந்து பிடித்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் நம்புவது டாக்டரையா, உங்கள் கண்ணையா?

காசியம்மாள் டாக்டரைத்தான் நம்பினாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் அவள் புருஷன் அர்ஜுனனுக்குப் 'பாடு' தருவதை நிறுத்தியிருந்தார்கள். ஏரியில் வலை கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரிசைப்படி வரும் முறைதான் பாடு. அது போனால் உலை இல்லை.

படகு மோதித் தொடை கிழிந்தபோது அவனுக்கு எங்கோ ரத்தம் ஏற்றினார்கள். எய்ட்ஸ் கிருமியும் கூடவே ஏறியது. ஆத்தா கோபம் என்றது ஊர். அவன் பிடித்த கயிற்றைத் தொட ஆளில்லை. தொட்டால் ஒட்டாது என்று வந்து சொல்ல, இந்த 1989-இலும் ஒரு அதிகாரிக்கும் மனம் வரவில்லை.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்தை அவனுக்கும் கொடுத்துச் சோதித்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களை எண்ணினார்கள். அர்ஜுனனுக்கு எண்ணிக்கை ஏறியிருந்தது.

"விடிய விடிய இருமுறாரு சார்," என்றாள் காசியம்மாள்.

"அணு ஏறிடுச்சும்மா. மருந்து பிடிச்சிருக்கு." என்ற டாக்டர் அவன் நெஞ்சில் குழாய் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சேதி ஊர்த் தலைவர் கண்ணப்பனுக்கு எட்டியது. வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா அர்ஜுனா, எண்ணிக்க ஏறிச்சாமே? அப்ப சொகமாயிட்ட. நாளைக்கு உன் பாடு. வரலைன்னா மொற அடுத்தவனுக்கு."

"ஒரு மொற தள்ளிப் போடு மாமா," என்றாள் அவள்.

"சொகமானவனுக்கு இன்னாத்துக்குத் தள்ளணும்? டாக்டரு பொய் சொல்றாருன்றியா?"

சுகமில்லை என்றால் பாடு போகும். சுகம் என்றால் புருஷன் ஏரியில் இறங்க வேண்டும்.

அர்ஜுனன் சிரித்தான். "என்னவிட என் ரத்தம் நல்லாக் கீது மாமா. அத்த வலைக்கு அனுப்பட்டுமா?"

மறுநாள் வாடைக் காற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒற்றை ஆளாக வலை கட்டினான். மறுமுனையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. ஏற்கெனவே நெஞ்சில் இருந்த சளி கட்டிக்கொண்டது. அந்த வாரத்திலேயே செத்துப்போனான்.

சொல்லப் போனவளிடம், "கடைசி எண்ணிக்கை நல்லாத்தானே இருந்துச்சு," என்றார் டாக்டர். அணுவை எண்ணுவது நல்ல அறிவியல். அணு ஏறிய ஆள் செத்ததையும் சேர்த்து எண்ணாவிட்டால் அது பாதி அறிவியல். அந்தப் பாதிதான் அவனைத் தண்ணீரில் இறக்கியது.

ஆண் இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்கிறார் கண்ணப்பன். வரும் ஊர்க் கூட்டத்தில் காசியம்மாள் கேட்கப் போகிறாள். கிடைக்காது என்று அவளுக்கே தெரியும். அவளை ஒருத்தியாக நிற்க விடாதீர்கள். வந்து பக்கத்தில் நில்லுங்கள்.