பூச்சந்தையில் வேகம் அளந்தவன்

மாரிச்செல்வத்துக்கு எதையும் சட்டுப்புட்டென்று முடித்தாக வேண்டும். சோறு ஆறும்வரைகூடப் பொறுக்காத ஆள். அப்படிப்பட்டவனிடம்தான் சங்கரன்கோவில் பூச்சந்தையின் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டுக்கு வேகம் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். பூவின் எடையைப் பல கணினிகள் ஒப்புக்கொண்டு பதிந்துவிட்டால், பிறகு எந்த வியாபாரியும் அதில் கைவைக்க முடியாது. பூ கொண்டுவந்தவர் போனை அமுக்கிப் பதிய, அது உறுதியாகிப் போனில் பச்சை விழுந்தால்தான் மூட்டை ஏலத்துக்குப் போகும்.

அளந்தான் அந்த மகராசன், ஆடி மாதத்தில்! கல்யாணமே இல்லாமல் சந்தை தூங்கும் மாதம். அதிலும் நொடிக்கு எத்தனை பதிவு உள்ளே போகிறது என்று பார்த்தானே தவிர, எத்தனை உறுதியாகி வெளியே வருகிறது என்று பார்க்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணிவிட்டு, சாப்பிட்டு எழுந்தவர்களை எண்ணாமல் விட்ட கதைதான். எழுந்தால்தானே அடுத்த ஆள் உட்கார முடியும்? கூட்டம் பெருகினால் தாங்குமா என்பது அதில்தானே இருக்கிறது?

"எத்தன பேர் வந்தாலும் தாங்கும் அண்ணாச்சி" என்று சந்தைத் தலைவர் பரமசிவனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டான்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, சுற்றுவட்டாரமே பூவோடு வந்து இறங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் போனை அமுக்க, ஒருத்தர் போனிலும் பச்சை விழவில்லை. வெயில் ஏற ஏற மொட்டெல்லாம் விரிந்தது. விரிந்த பூவை எந்த வியாபாரி எடுப்பான்?

வரிசையில் முதலில் நின்றவள் கரிவலம்வந்தநல்லூர் சங்கரேஸ்வரி. பச்சை வராத பதற்றத்தில் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ போட்டு அமுக்குன அமுக்குலதான் எல்லாம் நின்னுபோச்சு! தெரியலன்னா எதுக்குத் தொடுத?" என்று பரமசிவன் கத்தினார். கூட்டமும் சேர்ந்துகொண்டது.

பிழை எங்கே என்று மாரிச்செல்வத்துக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அவன் திறக்கவில்லை.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. 'பாவி, உன் தப்புக்கு அவளா ஏச்சு வாங்கணும்?' என்று மனசு அறுத்தது. சந்தைக்கு ஓடினான். சங்கரேஸ்வரி தனியாக நின்று விற்காத பிச்சிப்பூவைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க தம்பி" என்றாள் அவனைக் கண்டதும். "என்னால எல்லார் பூவும் வீணாப் போச்சு. நாளைலருந்து நான் இங்கன வரல."

"ஐயோ, உங்க மேல தப்பே இல்லக்கா. நான்தான் தப்பா அளந்தேன். காலையிலயே எனக்குத் தெரியும். வாங்க, அண்ணாச்சிட்ட இப்பவே சொல்லுதேன்."

அவள் காலிச் சாக்கை மடித்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணாச்சி ஒருத்தரா என்னய ஏசுனாவ? அத்தன பேரும் ஊருக்குப் போய்ட்டாவளே தம்பி. இனி யார்ட்டல்லாம் போய்ச் சொல்லுவீய?"