அண்ணி போன விமானம்

என் அண்ணன் விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். பல வருடமாக ஒரே ரூட். ஊரில் பாதிப் பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டவர், தான் மட்டும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததில்லை. எந்த ஊருக்கு எப்படிப் போவது என்று பேச்சு வந்துவிட்டால் அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்தப் பிடிவாதத்தால்தான் பெற்ற மகளோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. அவரைக் கேட்காமல் வெளிநாட்டு வேலைக்குச் சம்மதித்துவிட்டாளாம். கிளம்பிய அன்று அவள் வேண்டுமென்றே அவர் ஓட்டும் பஸ்ஸில்தான் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் முன்பக்கம் வந்து, "போயிட்டு வர்றேம்பா" என்றாள். மனிதர் தலையைத் திருப்பவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவளுக்குப் பிரசவ நேரம். அண்ணி தனியாகக் கிளம்பினார். முதல் விமானப் பயணம்; பதிமூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். அண்ணன் லீவு போட்டுவிட்டு, எனக்கென்ன என்ற முகத்தோடு என் வீட்டு சோபாவில் உட்கார்ந்தார். என் போனைப் பிடுங்கி, விமானம் எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டேய், இவன் எங்கடா போறான்? மேற்கே போகணும். வடக்கே ஏறிக்கிட்டே இருக்கான்."

"பைலட்டுக்குத் தெரியாதாண்ணே? சும்மா இரு."

"என்னத்தத் தெரியும்? புதுசா வர்ற டிரைவருங்க இப்படித்தான் திருப்பத்தைக் கோட்டை விடுவானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரோ ஸ்கேலைத் திரையில் வைத்து, இரண்டு ஊருக்கும் நடுவே கோடு பிடித்துப் பார்த்தார். விமானம் அந்தக் கோட்டைவிட்டு விலகிக்கொண்டே போனது. விமான கம்பெனிக்கு போன் போட்டார்; பாட்டுதான் கேட்டது.

"உங்க அண்ணிக்குப் பக்கத்து சீட்டுல தண்ணி கேட்கக்கூடத் தெரியாதுடா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"அவ நம்பரைப் போடு" என்றார் திடீரென்று.

நான் போனை வாங்கி, அவர் மகளுடைய நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

"சொல்லுங்க சித்தப்பா."

"அப்பா பேசறேன்." அவளைப் பேச விடாமல் மடமடவென்று சொன்னார்: "அம்மா வர்ற பிளேன் வழி தப்பிடுச்சு. வடக்கே போகுது. அங்க யார்கிட்டயாவது உடனே சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தப்பலப்பா. பூமி உருண்டைதானே? படத்துல தட்டையா இருக்கறதால வளைஞ்சு போற மாதிரி தெரியுது. ஒரு பந்து மேல ரெண்டு புள்ளி வெச்சு நூலை இழுத்துப் பாருங்க. அதுதான் குறுக்கு வழி."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாம்பா. நான் வந்தப்பவும் இப்படித்தான் மேல ஏறி வந்தான்."

அண்ணன் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கும் பதினாலு மணி நேரமா?"

"ஆமாம்பா."

"வழியில ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லப்பா. அழுதுக்கிட்டே வந்தேன்."

அண்ணன் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். போனை வாங்கக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.