ஆற்றங்கரையில் இருபத்தொரு நாள் இலவசம்

மன்னிப்புக் கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். நான் ட்ரெய்லர் வாங்கினேன்.

காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற, கட்டிலும் அடுப்பும் உள்ள பதினாறு அடி வீடு அது. பழையது, 4,300 டொலர். முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே இராணுவத்தை நினைத்து அடையாள அட்டையைத் தேடுகிற தலைமுறை எங்களுடையது. அதில் ஒருவன் ஐம்பத்தெட்டு வயதில் விரும்பி முகாமடிக்கப் போனதற்குக் காரணம் இயற்கை அல்ல, மகள்.

நான்கு வருடங்களுக்கு முன் சாருகா பார்மசிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, வடக்கே மரம் நடப் போகிறேன் என்றாள். “மரம் நடவோ நான் ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கனடாவுக்கு வந்தனான்? இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்காதை” என்றேன். நாங்கள் டோர்செட் பார்க் என்ற பகுதியில் அடுக்குமாடியொன்றின் பதினோராம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட்தான்; மிதிப்பதற்குப் படியே கிடையாது. இருந்தும் அவள் என் சொல்லைத் தட்டவில்லை. தாயோடு மட்டும் பேசுவாள். நான் பக்கத்தில் வந்தால் “சரி அம்மா, வைக்கிறன்” என்று ஃபோன் முடிந்துவிடும்.

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை, காலை 6.20. எங்கள் கட்டடத்தில் ட்ரெய்லர் நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் அது பக்கத்து ஊரான அஜக்ஸில், நண்பர் குணம் அண்ணை வீட்டு முற்றத்தில் நின்றது. கொளுவ உதவிக்கு வந்த குணம் அண்ணை கேட்டார்: “பிள்ளையைப் பாக்கத்தானே போறாய்? ஒரு மோட்டல் எடுத்தால் என்ன?”

“உது ஃப்ரீ அண்ணை.”

பொய்யில்லை. ஒன்ராறியோவில் அரசுக் காட்டு நிலத்தில் இங்கு வசிக்கிறவர்கள் ஓரிடத்தில் இருபத்தொரு நாள்வரை காசில்லாமல் தங்கலாம். ஆனால் உண்மைக் காரணம் வேறு. மோட்டலில் நான் தங்கி அவள் வராவிட்டால், நான் வராத மகளுக்காகக் காத்திருந்த அப்பன். ஆற்றங்கரையில் தங்கி அவள் வராவிட்டால், நான் ஆறு பார்க்கப் போனவன்.

சனி ஞாயிறு வேலை என்பதால் என் மனைவி பவா வரவில்லை. முதல்நாள் இரவே கூலர் பெட்டியில் இடியப்பமும் சொதியும் வைத்து, எங்கே நிற்பேன் என்பதை மகளுக்கும் அறிவித்திருந்தாள். “நாளையிண்டைக்கு, சனிக்கிழமை, மழை பெய்தால் மத்தியானம் வருவாளாம்” என்றாள். மழை பெய்தால் வராமல் விடுவது உலக வழக்கம். பெய்தால் வருவேன் என்பது மாட்டேன் என்பதன் மரியாதையான வடிவம் என்று எடுத்துக்கொண்டேன்.

நெடுஞ்சாலை 401, பிறகு 400, பிறகு 11. சாருகா வேலை செய்கிற பக்கமான நோர்த் பே வரை முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். “நான் சொன்னது பிழை, பிள்ளை” என்று சொல்லிப் பழகிக்கொண்டே ஓட்டினேன். பாரி தாண்டும்போது வசனம் நன்றாக இருந்தது. ஹன்ட்ஸ்வில்லில் காரணங்கள் சேர்ந்தன. நோர்த் பேயில் அது முழு மேடைப் பேச்சாகிவிட்டது.

பிற்பகல் 2.45. மரலொறிகள் போகும் கிரவல் பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர் குலுங்கி ஆற்றை அடைந்தேன். பால் விடாத, சாயம் கூடின பிளேன் ரீயின் நிறத்தில் தண்ணீர். மின்சாரம், குழாய், கழிப்பறை, ஃபோன் சிக்னல் எதுவுமில்லை. இல்லாதவற்றுக்குக் காசு வாங்காதது நியாயம்தான். சற்றுத் தள்ளி முகாமிட்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்து, கரைக்கு இவ்வளவு கிட்ட விடாதே என்றார். என் இடத்தில் அவருக்குக் கண் என்று நினைத்தேன். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது கிணறு. கிணறு வைத்த இடத்திலேயே இருக்கும்.

சனிக்கிழமை காலை 5.30. விடிய விடிய மழை. கட்டில் ஒரு பக்கம் சரிந்திருந்தது. இறங்கிப் பார்த்தால் ட்ரெய்லரின் இடது சில்லு அச்சுவரை சேற்றுக்குள். ஆறு ஓர் ஆள் நீளம் கிட்ட வந்திருந்தது. காரால் இழுத்துப் பார்த்தேன்; அது உறுமி ட்ரெய்லர்மேல் சேறடித்ததோடு சரி. கிழவரும் போய்விட்டிருந்தார். கறுப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடிக்க, மத்தியானம் ஆகியது, ஒரு மணி ஆகியது. நான் ஆறு பார்க்க வந்தவன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

1.40க்கு ஒரு பிக்கப் வந்தது. சாருகா இறங்கினாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள், தோள் அகன்றிருந்தது. முதலில் சில்லைப் பார்த்தாள், பிறகு என்னை.

“ஆர் உதில விடச் சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். “சாப்பிட்டியோ?” என்றுதான் வந்தது.

“முதல் உதை எடுப்பம். அங்கால நில்லுங்கோ அப்பா.”

பிக்கப்பின் முன்னாலிருந்த வின்ச் என்ற இழுவைக் கம்பியைக் கொளுவி, சில்லுக்குக் கீழே பலகை கொடுத்து, அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டாள். அங்கால தள்ளி நிற்பது என் பங்கு. நான்கு வருட அனுபவம் கைகொடுத்தது.

பிறகு ட்ரெய்லருக்குள் ஏறி உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டாள். நான் தொடங்கினேன்: “மரம் நடுறதும் நல்ல வேலைதான் பிள்ளை...”

“மரம் நட்டது முதல் வருசம் மட்டும். மூண்டு வருசமாய் ஃபயர் குறூவில நிக்கிறன். காடு எரிஞ்சால் அணைக்கிற வேலை. மழை பெய்தபடியால்தான் இண்டைக்கு விட்டவங்கள்.”

முன்கையில் உள்ளங்கையளவு தழும்பு இருந்தது.

“அம்மா எனக்குச் சொல்லேல்லை.”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. மேடைப் பேச்சில் மிஞ்சியது மூன்று சொல். “நான் சொன்னது பிழை.”

“எது?”

ஒன்றுக்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தேன். “எல்லாம்” என்றேன்.

அவள் ம் என்றாள். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். கூரையில் மழை திரும்பவும் விழத் தொடங்கியது. “நாளைக்கே வெளிக்கிடுங்கோ. ஆறு இன்னும் ஏறும்” என்று சொல்லிவிட்டு 2.50க்குப் போனாள். வந்து நின்றது எழுபது நிமிடம். அதில் பாதி சில்லுக்கு.

ஞாயிறு காலை, பத்தொன்பது நாள் மிச்சமிருக்கப் புறப்பட்டேன். யாரும் வந்து இருபத்தொரு நாள் இருந்துவிட்டுப் போகிற காட்டைவிட்டு, பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் இடம் கொடுக்காத இரண்டு அறை வீட்டுக்கு. திரும்பி வரும் வழியில் சொல்லிப் பழக எந்த வசனமும் இருக்கவில்லை.

வேலை முடிந்து வந்திருந்த பவா, நான் கொண்டுவந்த டப்பாக்களைக் கழுவிக்கொண்டு நின்றாள். “மன்னிப்புக் கேட்டிட்டன்” என்றேன், சற்றுப் பெருமையாக.

“ஓம், பிள்ளை ஃபோன் எடுத்தவள்” என்றாள், திரும்பிப் பாராமலே. “உந்தத் தகரப் பெட்டியை வித்துப்போட்டு, அடுத்தமுறை மோட்டல் எடுக்கட்டாம்.”