வீரமுத்துவுக்குத் தனி அரிசிக் கார்டு: கூலிமுக்கு ஒரு பயணம்

மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருடம். பாடாங் செராயிலிருந்து மூன்று மைல் உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பள்ளி வாத்தியார். பள்ளியில் ஜப்பானியப் பாட்டு மட்டுமே நடந்ததால் எனக்கு நேரம் மிச்சம். தோட்டத்துப் பையன் வீரமுத்துவுக்கு வேலை பழக்கினேன். வயது இருபத்து மூன்று. எதுவும் மெதுவாகத்தான் புரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ‘லூசு’ என்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்றாக எட்டு மாதம்: மரவள்ளிக் குச்சி நடுவது, அடுப்பு மூட்டுவது, கிழங்கைத் தானே அவித்துச் சாப்பிடுவது, பேர் கூப்பிட்டால் முன்னால் வந்து நிற்பது.

அவன் பேர் ‘வேலைக்கு ஆகாதவர்’ பட்டியலில் இருந்தது. அவர்களுக்குப் பாதி அரிசி. உழைப்பவனுக்கு முழுப் பங்கும் சொந்தக் கார்டும் வேண்டும் என்று எனக்கு ஆவேசம். அவன் அம்மா அஞ்சலைக்கு அந்த ஆவேசம் இல்லை.

“அந்த லிஸ்டுலயே கெடக்கட்டும் சார். லூசுன்னா லாரிக்காரன் தொட மாட்டான்.”

சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. செய்தித்தாளில் வராததால் நான் நம்பவில்லை.

புறப்பட்டது காலை ஏழரைக்கு. அது ஜப்பான்காரன் உத்தரவிட்ட டோக்கியோ நேரம்; சூரியனுக்கு அந்த உத்தரவு எட்டாததால் இருட்டாகவே இருந்தது. டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிள், பின்னால் வீரமுத்து. கூலிம் டவுன் பன்னிரண்டு மைல், மூன்று மணி நேரம். வழியில் இரண்டு காப்பி, ஜப்பான்காரனின் வாழைமர நோட்டில் இரண்டு வெள்ளி. காப்பிக்கொட்டை எதுவும் அதில் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அரிசிக் கார்டு அலுவலகத்தில் கணக்கு எழுதும் தமிழ்க் கிராணி பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். வீரமுத்து முன்னால் வந்து, “ஹை!” என்று ஜப்பான்காரன் மாதிரி இடுப்பு வரை குனிந்தான்.

“இவனா லூசு? என்னைவிட நல்லா குனியுறான் லா!” கிராணி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மாத்தித்தான் ஆகணுமா வாத்தியாரே?” என்றார்.

“மாத்துங்க” என்றேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. திரும்பும் வழியெல்லாம் கார்டைச் சட்டைக்குள் வைத்துத் தடவிக்கொண்டே வந்தான்.

மூன்றாம் வாரம் லாரி வந்தது. இளவட்டங்கள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். வேலைக்கு ஆகிறவர்களின் புதுப் பட்டியலை வாசித்தார்கள். வீரமுத்து மட்டும் முன்னால் வந்து நின்றான். “ஓடுடா!” என்று கத்தினேன். அந்தப் பாடத்தை நான் நடத்தியதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டான்.

இப்போது கூலிமுக்கு பஸ் ஓடுகிறது. காலையில் போனால் கூட்டம் குறைவு. ஒருவனைத் திறமைசாலி என்று நிரூபிக்கப் போகிறவர்கள், அந்தத் திறமை யாருக்குத் தேவைப்படுகிறது என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. அவன் அம்மாவிடம் விசாரித்தால் பயணமே மிச்சம்.

அஞ்சலை என்னைத் திட்டவில்லை. லாரி போன மறுநாள் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்க யாரும் இல்லாட்டியும் தானா அவிச்சுத் தின்னுக்குவான்ல சார்?”

“தின்னுக்குவான்க்கா” என்றேன்.

அதன் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.