எட்னா அச்சேற்றாத சொல்

"குனிஞ்சு ஷூ லேஸ் கட்டும்போது மூச்சு வாங்குமா, செல்லம்?" என்று தொலைபேசியில் கேட்கிறாள் எட்னா என்ட்விசில். மறுமுனையில் ஏதோ முனகல். "அப்போ 'அத்லெட்டிக்' வேண்டாம். 'வெல்-பில்ட்', வாட்டசாட்டம்னு போட்டுக்கறேன். பொய்யும் இல்ல, சண்டையும் வராது."

வட இங்கிலாந்தில், எங்கள் லங்காஷயர் வாரப் பத்திரிகையில் துணை தேடுவோரின் விளம்பரங்கள் எல்லாம் இருபத்திரண்டு வருடமாக எட்னாவின் பொறுப்பு. பக்கத்து மேசையில் மரண அறிவிப்புகள் என் பொறுப்பு. என்னிடம் வருகிறவர்களுக்கு உருவத்தைப் பற்றிக் கவலை இல்லை.

எந்த உடம்புக்கு எந்தச் சொல் என்று எட்னாவிடம் சட்டம் உண்டு. 'ஸ்லிம்' என்றால் ஒல்லி, ஆனால் அழகு. 'ஸ்லெண்டர்' அதேதான், வீட்டில் பியானோ இருக்கும். 'லாங்கி' என்றால் உயரம், கைகால் எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாது. 'ஸ்டாக்கி' என்றால் குட்டை, ஆனால் அலமாரியைத் தூக்கச் சொல்லலாம். "'பிளம்ப்'னா கொழுகொழு, குழந்தைக்கும் கோழிக்கும் சரி. பொம்பளைகிட்ட சொன்னா அடிதான்."

ஐந்தடி மனிதர் ஒருவர் சின்ன, நளினமான உருவம் என்று பொருள்படும் 'பெட்டீட்' வேண்டும் என்று அடம்பிடித்தார். "அது பொம்பளைங்க சொத்து, செல்லம். உங்களுக்குக் 'காம்பாக்ட்' தரேன், கச்சிதம்னு அர்த்தம்." தன் காரையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்தே போனார்.

குண்டு என்று அர்த்தமுள்ள 'ஃபேட்' மட்டும் அச்சேறியதே இல்லை. எங்கள் ஊரில் பூனையை முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வோம். மனிதரை, அவர் அறையைவிட்டுப் போன பிறகு.

பேருந்து ஓட்டும் ஹெரால்ட் ஆக்டன் மனைவியை இழந்தவர். அவருக்கு எட்னா 'கட்லி' கொடுத்திருந்தாள். கட்டிக்கொள்ளத் தோதான பருமன் என்று அர்த்தம். அதை நம்பி ரயில் நிலையத் தேநீர்க் கடைக்கு வந்த பெண், வாசலிலேயே அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டு கோப்பைத் தேநீரையும் அவரே குடித்தார்.

மறுநாள் எங்கள் கவுன்டரில் வந்து நின்றார். "'ஃபேட்'னே போடுங்கம்மா. இந்தத் தடவையும் யாரும் எழுதலேன்னா இதோட விட்டுடறேன்."

"என் விளம்பரப் பக்கத்துல அந்த வார்த்தை வராது, மிஸ்டர் ஆக்டன்."

"என்கிட்ட இருக்குங்களே."

எட்னா தட்டச்சுப் பொறியை இழுத்தாள். சவப்பெட்டிக்கு ஆணி அடிப்பவளைப் போல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். அவருக்கு வரும் கடிதங்களுக்கான பெட்டி காலி. எட்னா கையை உள்ளே விட்டு மூலைவரை துழாவினாள்.

"தபால் இன்னும் பிரிக்கல. உட்காருங்க, ஹெரால்ட்."

அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். தன் பெயரை எழுதினாள். வயது ஐம்பத்தெட்டு. உருவம்: 'ஸ்லிம்' என்று எழுதி அடித்தாள். 'ஸ்லெண்டர்' எழுதினாள், அதையும் அடித்தாள். பிறகு 'ஸ்கின்னி'. எலும்பும் தோலும் என்று அர்த்தம். தன்னைப் பற்றி யாரும் சொல்லிக்கொள்கிற சொல் அல்ல.

உறையில் போட்டு நீட்டினாள். "இப்பதான் வந்துச்சு."

அவர் அங்கேயே பிரித்தார். ஈர மை கட்டைவிரலில் ஒட்டியது. பாதி படித்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

எட்னா கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். ஜூலை வெயிலிலும் கழற்றாத தடித்த கம்பளி மேல்சட்டையைக் கழற்றி என் மேசைமேல் போட்டுவிட்டு, எலும்பு தெரியும் கைகளைத் தொங்கவிட்டு அவர் எதிரே நேராக நின்றாள்.