லாரி ஷெட்டு மண்ணுக்கு என்ன பயிர்?

இன்று ஒரு பை மண்ணோடு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

பழனிசெட்டிபட்டியில் எங்கள் லாரி ஷெட்டை ஒட்டித்தான் ராசாத்தி அக்கா வீட்டுக் கிணறு. சில நாளாகத் தண்ணீரில் டீசல் வாடை.

அதிகாரி மண்ணை முகர்ந்து பார்த்தார். "என்ன பயிர் வைக்கப் போறீக?"

"பயிர் இல்ல சார், லாரி நிக்கிற இடம். டீசல் இறங்கியிருக்கான்னு பாக்கணும்."

"இங்கன உரச்சத்துதான் பாப்போம்."

"டீசலை எங்கன பாப்பாக?"

அவர் மதுரைக்கு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டார். அங்கேயும் தெரியவில்லை.

திரும்பியதும் அக்கா கேட்டார்: "தம்பி, தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா?"

"வேண்டாம்க்கா. எங்க குழாயில பிடிச்சுக்கங்க."

ஷெட்டில் டீசல் ஊற்றுவதையும் ஆயில் மாற்றுவதையும் நிறுத்திவிட்டேன். ஆனால் மண்ணில் என்ன இருக்கிறதென்று யாரைக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூரியா எவ்வளவு போடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.